மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்குப் பொதுத் தொலைக்காட்சி: முகட்டில் கருவி வைப்பதா, வேறு வழி உண்டா?

நூலகத் திண்ணை கேட்டது:

வணக்கம். நான் பொறியாளர் இல்லை. ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தின் நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மூன்று பக்கமும் மலை. எண்பது வீடுகளுக்குச் சற்றுக் குறைவு. பாதி வீடுகள் மேல் சரிவில், மீதி ஆற்றை ஒட்டிக் கீழே.

பொதுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கேட்காத தொலைக்காட்சி இந்த ஊரின் எல்லா வீடுகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிப் பாட நிகழ்ச்சிகள், புயல் மழை எச்சரிக்கை, உழவர்களுக்கான நேரம், காது கேளாதவர்களுக்கான சைகைமொழிச் செய்தி எல்லாம் அதில்தான் வருகின்றன. தனியார் சேனல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. ஊர் எல்லோருக்கும் பொதுவான ஒளிபரப்பு எங்கள் முகட்டோடு ஏன் நின்றுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

இதுவரை தெரிந்தவை இவை. ஒளிபரப்புக் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் சமவெளியில் இருக்கிறது. மலைக் கணவாயில் ஒரு சிறிய டிவியை பேட்டரியில் போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று தெரிகிறது. அங்கிருந்து இரண்டு வளைவு கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைகிறது. நூலகத்தில் ஒன்றுமே இல்லை. மேல் சரிவில் சில வீடுகளில் டிஷ் வைத்திருக்கிறார்கள், நன்றாக வேலை செய்கிறது. கீழ் வீடுகளுக்கு எதிர் மலை மறைக்கும், டிஷ் வைத்துப் பயனில்லை என்று அதைப் பொருத்த வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். ஒளிபரப்பு அலுவலகத்துக்கு எழுதினோம். எங்கள் பகுதி ஏற்கெனவே செயற்கைக்கோள் மூலம் சேர்க்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அதாவது, அவர்கள் கணக்கில் நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஒரு வியாபாரி, 'முகட்டில் சக்தி வாய்ந்த பூஸ்டர் ஒன்றை வைத்தால் ஊர் முழுவதும் படம் வரும், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்' என்கிறார். ஊரில் சிலர் உடனே பணம் திரட்டலாம் என்று துடிக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

பழைய கோபுரக்காரன் எழுதியது:

முதலில் அந்த வியாபாரியை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

நான் பணிக்காலம் முழுவதையும் ஒளிபரப்புக் கோபுரங்களின் அடியில் கழித்தவன். உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதை நான் சொல்கிறேன். வந்த அலையை அதே அலைவரிசையில் பெருக்கி, அதே முகட்டிலிருந்து திரும்ப அனுப்பினால், அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து கசியும் அலை வாங்கும் ஆன்டெனாவுக்குள் மறுபடி நுழையும். அது மறுபடி பெருக்கப்படும். மேடையில் மைக்கை ஒலிபெருக்கியின் முன்னால் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதே கதைதான். ஊருக்குப் படம் வராது. அதோடு, கணவாயில் இப்போது பளிச்சென்று தெரியும் படமும் கெடும். அந்த அலைவரிசையை நம்பியிருக்கும் மற்ற ஊர்களும் கெடும். இதைத் தவிர்க்கத்தான் டிரான்ஸ்லேட்டர் என்ற கருவி உண்டு. அது ஓர் அலைவரிசையில் வாங்கி வேறொன்றில் அனுப்பும். எதிரொலியை நீக்கும் நுட்பத்தோடு அதே அலைவரிசையில் அனுப்பும் கருவிகளும் உண்டு. ஆனால் வாங்கும் ஆன்டெனாவும் அனுப்பும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்க்காதபடி பாறையையோ தூரத்தையோ நடுவில் வைக்கத் தெரிந்தவர்தான் அவற்றைப் பொருத்த வேண்டும்.

'அனுமதி வேண்டாம்' என்பது பச்சைப் பொய். அலையை வாங்குவதற்கு ஆன்டெனா வைப்பது வேறு, அலையை அனுப்புவது வேறு. உரிமம் இல்லாமல் அனுப்புவது நான் அறிந்த எந்த நாட்டிலும் குற்றம். அபராதக் கடிதம் வியாபாரியின் பெயருக்கு வராது, முகட்டில் கருவி யாருடையதோ அவர் பெயருக்கு வரும். அது உங்கள் நூலகமாக இருக்கும்.

வரலாற்றில் இதற்கு ஒரு விதிவிலக்குப் போன்ற கதை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வேறு யாராவது வந்து சொல்வார்கள். அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் 1950-களில் உங்களைப் போன்ற பள்ளத்தாக்கு மக்கள் உரிமம் இல்லாத பூஸ்டர்களை முகடுகளில் வைத்துக்கொண்டார்கள். அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் அவற்றை மூட முயன்றது. ஊர்கள் விடவில்லை. கடைசியில் 1956-ல் ஆணையம் டிரான்ஸ்லேட்டர் என்ற உரிமப் பிரிவையே உருவாக்கியது. இன்றைக்கும் அந்த மாநிலங்களில் தொலைதூர ஊர்களுக்குப் பொதுத் தொலைக்காட்சியைக் கொண்டுசேர்ப்பவை பெரும்பாலும் இந்தச் சின்னக் கருவிகள்தாம். ஆனால் அது அனலாக் காலம், அலைவரிசைகள் காலியாகக் கிடந்த காலம். இன்று பக்கத்து அலைவரிசையில் கைப்பேசி நிறுவனம் உட்கார்ந்திருக்கும். அவர்கள் மீட்டரோடு வந்து நிற்பார்கள்.

இனி உங்கள் ஊர். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கணவாயில் படம் பளிச், இரண்டு வளைவு கீழே உடைகிறது, நூலகத்தில் இல்லை. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். முகட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும், அவ்வளவே. அனலாக் காலத்தில் அந்த மிச்ச அலையை வைத்துப் புள்ளி புள்ளியாக ஏதோ பார்ப்பார்கள். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. போதுமான அலை இருந்தால் முழுப் படம், ஒரு படி குறைந்தால் கட்டம், இன்னொரு படி குறைந்தால் கறுப்புத் திரை. ஆகவே நூலகத்தின் கூரையில் எவ்வளவு உயரக் கம்பத்தை நட்டாலும், எவ்வளவு பெரிய ஆன்டெனாவை மாட்டினாலும், இல்லாத அலையை அது உண்டாக்காது. பெருக்கி என்பது அலையோடு சேர்த்து இரைச்சலையும்தான் பெருக்கும்.

தரைவழி ஒளிபரப்பை மறந்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்குக் கடைசி இடம் கொடுங்கள் என்கிறேன். அலுவலகத்தின் பதில் எரிச்சலூட்டுவதுதான், ஆனால் அதில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. செயற்கைக்கோள் மூலம் அந்த ஒளிபரப்பு உங்களுக்குச் சேர்கிறது என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை பத்திரமாக வையுங்கள்.

டிஷ் பொருத்த வந்தவர் கீழ் வீடுகளுக்கு வாய்ப்பில்லை என்றாரே, அதை நான் அப்படியே நம்ப மாட்டேன். வீடுகளில் வைக்கும் டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. அவற்றின் முகம் நேராக நிமிர்ந்து எதிர் மலையைப் பார்ப்பதுபோல் இருக்கும். உண்மையில் அது வாங்கும் திசை, முகம் காட்டும் திசையைவிட ஏறத்தாழ 20 முதல் 27 பாகை மேலே இருக்கும். பார்ப்பவருக்கு மலையில் முட்டுவதாகத் தோன்றும், கதிர் மலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அவசரத்தில் வருகிறவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிடுவார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். அந்தச் செயற்கைக்கோள் உங்கள் இடத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுத் தரும் இணையப் பக்கங்கள் உண்டு. ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அவை உச்சந்தலைக்குப் பக்கத்தில்கூடத் தெரியலாம். 60 பாகை அட்சரேகையில் வாழ்பவர்களுக்கு எவ்வளவு முயன்றாலும் 22 பாகைக்கு மேல் ஏறாது. நார்வே போன்ற நாடுகளின் பள்ளத்தாக்குகளில் மலை மறைக்கிறது என்றால் அது நியாயம். உங்கள் கணக்கு எப்படி என்று பாருங்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானி ஒன்றை எடுங்கள், நடுவில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், விளிம்போடு கண்ணை வைத்து அந்தத் திசையில் முகட்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். முகட்டின் பாகை செயற்கைக்கோளின் பாகையைவிடக் குறைவு என்றால் அந்த வீட்டுக்கு டிஷ் வேலை செய்யும். இதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செய்யுங்கள். மரம் மறைத்தால் மரம் என்று தனியாக எழுதுங்கள். மரம் வேறு, மலை வேறு. டிஷ்ஷைக் கூரையிலிருந்து முற்றத்துக்கு மாற்றினாலே பல சமயம் மரம் விலகிவிடும். ஈர இலைகள் அலையைக் குடிக்கும், ஆகையால் இலையுதிர்ந்த பருவத்தில் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் ஒட்டியும் செப்டம்பர் அக்டோபர் ஒட்டியும், சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நாட்களில் சில நிமிடங்கள் டிஷ் வைத்தவர்களுக்கெல்லாம் படம் போகும், சூரியனின் இரைச்சல் உள்ளே கொட்டுவதால். மேல் சரிவு வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும். அந்த நிமிடத்தில் கீழ் வீட்டு முற்றத்தில் எங்கெல்லாம் வெயில் விழுகிறதோ அங்கெல்லாம் செயற்கைக்கோள் தெரிகிறது என்று பொருள். நிழல் விழும் இடத்தில் தெரியாது. கருவி எதுவும் வேண்டாம், சுண்ணாம்பு போதும், தரையில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

அளந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

---

கைப்பேசி யுகம் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இன்றைக்கு யார் தொலைக்காட்சி பார்க்கிறார்கள்? அதே பொது ஒளிபரப்பு இணையத்திலும் வருகிறது. இந்த உழைப்பை ஒரு கைப்பேசிக் கோபுரம் கேட்பதில் செலவிட்டால் எல்லாம் ஒரே அடியில் தீர்ந்துவிடும் அல்லவா?

---

நூலகத் திண்ணை எழுதியது:

கைப்பேசிக் கோபுரமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வந்தால் மகிழ்ச்சி. ஆனால் மழைக்காலத்தில் எச்சரிக்கை தேவைப்படும் இரவில்தான் இங்கே கைப்பேசித் தொடர்பு முதலில் அறுகிறது. ஒரே நேரத்தில் எல்லோரும் அழைத்தால் எவருக்கும் கிடைப்பதில்லை. ஒளிபரப்பில் ஒரு வீடு பார்த்தாலும் எண்பது வீடு பார்த்தாலும் பாரம் ஒன்றுதான். தவிர, ஒரு மணி நேரப் பாடத்தை இணையத்தில் பார்க்க ஆகும் டேட்டாவை மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யார் தருவது? பெரியவர்கள் பலருக்குக் கைப்பேசித் திரையில் எழுத்தே தெரிவதில்லை. நீங்கள் கேட்டதில் தவறில்லை, ஆனால் இரண்டில் ஒன்று என்று நான் பார்க்கவில்லை.

---

ஊர்க்கணக்கு எழுதியது:

கோபுரக்கார ஐயா தொழில்நுட்பம் சொல்லிவிட்டார். அதில் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் எங்கள் பகுதியில் ஒரு மறுஒளிபரப்பி இருந்தது, அதன் கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது. ஆகவே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், சகோதரி.

எங்கள் கருவி பல ஆண்டுகள் ஓடியது. அது நின்றது பழுதால் இல்லை. சமவெளியில் இருந்த பெரிய கோபுரம் டிஜிட்டலுக்கு மாறியது, எங்கள் கருவி அனலாக். ஒரே இரவில் அது கேட்பதற்கு அலை இல்லாமல் போயிற்று. மாற்றுக் கருவிக்குப் பணம் வேண்டும் என்றபோது, யார் தர வேண்டும் என்பதே எவருக்கும் தெரியவில்லை. நட்டவர்கள் நன்கொடை கொடுத்தவர்கள், அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். குடிசையின் சாவி ஒருவரிடம் இருந்தது, அவரும் போய்விட்டார். பூட்டை உடைக்க யாருக்கு உரிமை என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை. உள்ளே கருவி எறும்புப் புற்றாகிக் கிடந்தது.

ஆகவே கருவி எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அது யார் சொத்து என்பதை எழுதிவையுங்கள். 'ஊர்' என்று எழுதாதீர்கள். ஊருக்குக் கையெழுத்துப் போடும் கை கிடையாது. பதிவு செய்த சங்கமோ, உள்ளாட்சியோ, உங்கள் நூலகமோ, ஏதாவது ஒன்றின் பெயர் வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோ, ஓரிகன் மாநிலச் சட்டங்களில் டிரான்ஸ்லேட்டர் மாவட்டம் என்றே ஓர் அமைப்பு உண்டு. குடிநீருக்கும் தீயணைப்புக்கும் மக்கள் ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொள்வதுபோல, முகட்டில் இருக்கும் கருவியைப் பராமரிக்கவும் சட்டப்படி ஓர் அமைப்பை ஏற்படுத்திச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிந்தனை வேண்டும்.

அலைவரிசையையும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2017-ல் முடிந்த ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கைப்பேசி நிறுவனங்களுக்கு விற்றார்கள். தொலைக்காட்சிக்கு 36-ஆம் சேனலோடு எல்லை போட்டுவிட்டார்கள். அதற்கு மேலே இருந்த மலை ஊர் டிரான்ஸ்லேட்டர்கள் எல்லாம் இடம் மாற வேண்டியதாயிற்று. ஐரோப்பாவிலும் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி அப்படித்தான் போயிற்று. நீங்கள் உரிமம் வாங்கி, கருவி வாங்கி, முகட்டில் நட்டு முடித்த பிறகு இடத்தைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்தால் அந்தச் செலவு எங்கிருந்து வரும்?

நல்ல எடுத்துக்காட்டும் சொல்லிவிடுகிறேன். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியாவில் 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வாங்கி இஸ்ரோ நடத்தியது. ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டு வலையால் செய்த மூன்று மீட்டர் ஆன்டெனா, பள்ளியிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு டிவி, ஊரே கூடிப் பார்க்கும். எல்லோரும் அந்த வலை ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, பழுது பார்ப்பதற்கென்று ஆட்களையும் வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் முன்கூட்டியே அங்கங்கே நிறுத்திவைத்தார்கள் என்பது. டிவி பெட்டி ஒன்றுக்கு ஒரு பொறுப்பாளர். அது இல்லாமல் வலை மட்டும் இருந்திருந்தால் அதில் கோழிதான் அடைந்திருக்கும்.

---

நூலகத் திண்ணை எழுதியது:

இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டோம். பள்ளிப் பிள்ளைகளையே பாகைமானியோடு அனுப்பினேன், அவர்களுக்கு அது திருவிழாவாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டையும் இரண்டு பேர் தனித்தனியே அளக்க வேண்டும், எண்கள் ஒத்துவராவிட்டால் மறுபடி அளக்க வேண்டும் என்று கட்டளை.

கோபுரக்கார ஐயா சொன்னது சரியாகிவிட்டது. கீழ் வீடுகளில் பாதிக்கு மேல் செயற்கைக்கோள் தெரிகிறது. 'வாய்ப்பே இல்லை' என்று சொல்லப்பட்ட ஒரு வீட்டில், மேல் சரிவிலிருந்து ஒரு டிஷ்ஷைக் கடன் வாங்கி முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். படம் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி மதியச் செய்தி முடியும்வரை டிஷ்ஷைத் திருப்பித் தர மறுத்தார்.

மிச்சம் இருப்பது ஆற்று வளைவில், செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கும் பதினெட்டு வீடுகளும் நூலகமும். அங்கே முகடு செயற்கைக்கோளைவிட உயரம், ஐயமே இல்லை. ஆனால் பாறைக்கு எதிர்ப்புறம், சரிவின் தோளில் ஊரின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து வானம் நன்றாகத் தெரிகிறது. தொட்டியிலிருந்து நூலகத்துக்குக் குழாய் வரும் வழியே ஏறக்குறைய 600 மீட்டர். தொட்டியடியில் ஒரு டிஷ் வைத்துக் கேபிள் இழுத்துவிடலாமா? மின்சாரம் அங்கே இல்லை. இதற்கு உரிமம் வேண்டுமா?

ஊர்க்கணக்கு அவர்களே, உங்கள் பதிலை அச்செடுத்து ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். கோழி இடத்தில் சிரித்தார்கள், சாவி இடத்தில் அமைதியாகிவிட்டார்கள். நூலகத்தின் பெயரில் வைப்பது என்று தீர்மானம் எழுதியாயிற்று. சாவி இரண்டு.

---

பழைய கோபுரக்காரன் எழுதியது:

பாதிக்கு மேல் பாகைமானியிலேயே முடிந்துவிட்டதே, நல்லது. அந்த வீடுகளைப் பற்றி இனிப் பேச்சில்லை. தனித்தனி டிஷ், தனித்தனிப் பெட்டி, அவரவர் பொறுப்பு. பொது இயந்திரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பதினெட்டு வீடுகளுக்கு வருவோம். தண்ணீர்த் தொட்டி அருமையான இடம். ஆனால் டிஷ்ஷிலிருந்து டிவிக்கு வரும் சாதாரண கோஆக்சியல் கேபிளை, அதாவது செம்புக் கேபிளை, 600 மீட்டர் இழுக்க வேண்டாம். டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்என்பி, அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு இறக்கிக் கேபிளில் விடும். வீடுகளில் பயன்படுத்தும் ஆர்ஜி-6 கேபிளில் அந்த அலைவரிசையில் நூறு மீட்டருக்கு 20 முதல் 30 டெசிபல் வரை போய்விடும். 20 டெசிபல் போனால் அலையில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 600 மீட்டரில் இதை ஆறு முறை அடுத்தடுத்துச் செய்கிறீர்கள். நடுநடுவே பெருக்கி வைக்கலாம் என்று உங்கள் வியாபாரி வந்து சொல்வார். ஒவ்வொரு பெருக்கிக்கும் மின்சாரம் வேண்டும், ஒவ்வொன்றும் மழையில் நனையும், ஒவ்வொன்றும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். அதைவிடக் கெட்டது, மலைத்தோளிலிருந்து நூலகம் வரை நீங்கள் செம்புக் கம்பி ஒன்றை நீட்டிவைக்கிறீர்கள். இடிக்கு அதைவிட வசதியான பாதை கிடையாது.

ஒளியிழை (ஃபைபர் கேபிள்) போடுங்கள். அதில் ஒரு கிலோமீட்டருக்கே இழப்பு அரை டெசிபலுக்கும் குறைவு. ஒளியாகவே அனுப்பும் எல்என்பிகள் கிடைக்கின்றன. கீழே ஒரு சின்னப் பெட்டி அதை மீண்டும் சாதாரண டிஷ் அலையாக மாற்றித் தரும். இழையை வாங்கும்போது உள்ளே எஃகுக் கம்பி இல்லாத வகையாகப் பார்த்துக் கேளுங்கள். இழை கண்ணாடி, அதில் மின்னல் ஓடாது. ஆனால் தாங்குவதற்காகச் சேர்த்த எஃகில் ஓடும், இழை போட்ட பயனே போய்விடும். தண்ணீர்க் குழாயோடு சேர்த்துப் புதைக்கலாம், அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு. வெறும் இழையைப் புதைத்தால் எலி கடிக்கும். இணைப்பு முனைகளைத் தொடும்முன் துடைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தூசி போதும், நாள் முழுவதும் 'கருவி பழுது' என்று அலைய வைக்கும். ஒளி வரும் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மேலே தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. ஒரு சிறிய சூரியத் தகடும் பேட்டரியும் போதும். ஆனால் தொடர்ந்து மேகம் மூடியிருக்கும் நாட்களைக் கணக்கில் வைத்து பேட்டரியின் அளவை முடிவு செய்யுங்கள். உங்களுக்கு எச்சரிக்கை தேவைப்படுவதே அந்த நாட்களில்தான். டிஷ்ஷையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குங்கள். இந்த டிஷ்கள் வாங்கும் கேயு பேண்டு அலையைக் கனமழை மங்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் 90 வாங்குங்கள். காற்றில் அசையாத கம்பம், கம்பத்துக்கு எர்த். தொட்டியின் இரும்பு ஏணியில் கட்டிவிட்டு எர்த் கொடுத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

உரிமம் பற்றி. நீங்கள் அலை எதையும் வானில் விடவில்லை, ஆகையால் அலைவரிசை உரிமம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு டிஷ்ஷிலிருந்து பல வீடுகளுக்குக் கம்பி வழியே கொடுப்பதைப் பல நாடுகளில் கேபிள் சேவை என்று கருதுவார்கள், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். இங்கேதான் அந்தப் பழைய கடிதம் வேலைக்கு வருகிறது. ஒளிபரப்பு அலுவலகத்துக்கு மறுபடி எழுதுங்கள். 'எங்களுக்குக் கோபுரம் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். அதற்கு இல்லை என்று சொல்வது எளிது. 'எங்கள் பகுதி செயற்கைக்கோள் மூலம் சேர்க்கப்பட்டதாக இந்தத் தேதியிட்ட கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வீடுகளிலும் ஒரு பொது நூலகத்திலும் செயற்கைக்கோள் மலையால் மறைகிறது, அளவீடுகள் இணைப்பில். உங்கள் ஒளிபரப்பை மாற்றாமல், விளம்பரம் சேர்க்காமல், கட்டணம் வாங்காமல் இழை வழியே கொண்டுசேர்க்க எழுத்தில் இசைவு தேவை' என்று எழுதுங்கள். பிள்ளைகள் அளந்த அட்டவணையை அப்படியே இணையுங்கள், இரண்டு அளவையும் காட்டி. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு அதைப் பார்த்தால் கை அரிக்கும், யாராவது ஒருவர் பதில் எழுதுவார். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான். 'ஊர் மக்கள் துயருறுகிறார்கள்' என்று வரும் கடிதங்களைவிடப் பாகையும் திசையும் எழுதி வரும் கடிதத்தைத்தான் முதலில் பிரிப்போம்.

இசைவு வரும்வரை கீழே ஒன்று செய்யலாம். நூலகத்துக்கு மட்டும் இழையை இறக்கி ஒரு பெரிய டிவியை வையுங்கள். ஒரு கட்டடம், ஒரு டிஷ், தனியார் வீட்டு இணைப்பைப் போலத்தான், அதில் பெரிய சிக்கல் வராது. ஆனாலும் பொது இடத்தில் டிவி காட்டுவதற்கு உங்கள் உள்ளாட்சியில் விதி ஏதேனும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு மழைக்காலம் ஓடட்டும். எது பழுதாகிறது, யார் மேலே ஏறுகிறார், பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது என்பதெல்லாம் வீடுகளை இணைப்பதற்கு முன்னால் தெரிந்துவிடும்.

---

ஊர்க்கணக்கு எழுதியது:

மேலே ஏறுகிறவருக்கு ஏதாவது கொடுங்கள், சகோதரி. நன்றியை மட்டும் கொடுத்தால் ஒரு மழைக்காலம் ஏறுவார், மறு மழைக்காலம் முட்டி வலிக்கும்.

---

நூலகத் திண்ணை எழுதியது:

தீர்மானத்தில் அதையும் சேர்த்துவிடுகிறேன். கடிதத்தை நாளை எழுதி இங்கே போடுகிறேன், அனுப்பும்முன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா, ஐயா?

---

பழைய கோபுரக்காரன் எழுதியது:

போடுங்கள், பார்க்கிறேன். திசையை எழுதும்போது திசைகாட்டியின் வடக்கா, வரைபடத்தின் வடக்கா என்று குறிப்பிட மறக்க வேண்டாம். இரண்டுக்கும் இடையே சில பாகை வேறுபாடு வரும் இடங்கள் உண்டு, அந்தப் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.